தீவைச் சுற்றிக் காட்டும் ஓட்டுநருக்கு மணிக்கணக்கில் வாடகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமேசுவரம் ரயில் நிலையத்திலோ பேருந்து நிலையத்திலோ குடும்பத்தோடு இறங்கி, ஒரு நாள் முழுவதும் தீவைச் சுற்றிப் பார்க்க வண்டி கேட்பவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எத்தனை இடம் பார்க்கணும்?" என்பதாகவே இருக்கிறது. ஐந்து இடம் என்றால் ஒரு தொகை, எட்டு இடம் என்றால் ஒரு தொகை, தனுஷ்கோடிக்குத் தனித் தொகை என்று வாடகை சொல்கிறார்கள். கந்தமாதன பர்வதத்து ராமர் பாதம், ராமர் தீர்த்தம், லட்சுமண தீர்த்தம், பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், பள்ளிவாசல் தெருவில் அவருடைய வீடு, வில்லூண்டி தீர்த்தம் என்று பட்டியலும் ஏறக்குறைய எல்லாரிடமும் ஒன்றுதான். இந்த இடக்கணக்கு வாடகையால் பயணிக்கும் நன்மை இல்லை, ஓட்டுநருக்கும் நன்மை இல்லை என்பதையும், மணிக்கணக்கு வாடகையை மாவட்ட நிர்வாகம் முறைப்படுத்தித் தர வேண்டும் என்பதையும், என் அத்தையை இரண்டு முறை அந்தத் தீவுக்கு அழைத்துச் சென்று வந்தவன் என்ற முறையில் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

அத்தைக்கு இப்போது எழுபத்தெட்டு வயது தாண்டிவிட்டது. 1962ஆம் ஆண்டு, கொழும்பில் மளிகைக் கடை வைத்திருந்த என் தாத்தாவைப் பார்ப்பதற்காக, தன் தாயாரோடு திருச்சியில் போட் மெயில் ரயிலில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னார் போய் வந்தவர். ரயில் கப்பல் துறை வரைக்குமே போகும் என்பதையும், சுங்க அதிகாரி தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது மேலே இருந்த முறுக்கு டின்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடச் சொன்னார் என்பதையும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அவர் வாயால் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இரண்டே ஆண்டுகளில், 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஊரே போய்விட்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அதன் பிறகு அத்தை அந்தப் பக்கம் போகவே இல்லை. சாவதற்குள் ஒருமுறை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

சில ஆண்டுகளுக்கு முன்பு முதன்முறையாக அவரை அழைத்துச் சென்றபோது, எல்லாரையும் போல நாங்களும் பத்து இடம், அதோடு தனுஷ்கோடி என்று பேசி ஒரு காரில் ஏறினோம். காலை முழுவதும் தீவின் வடக்குப் பக்கத்துத் தீர்த்தங்களிலும் கோயில்களிலும் ஏறி இறங்குவதிலேயே போயிற்று. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று ஓட்டுநர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். தனுஷ்கோடிக்கு நடுப்பகல் ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மணல் கொதித்தது. இடிந்த தேவாலயத்துக்கு எதிரே வண்டியை நிறுத்திய ஓட்டுநர், "பாட்டிம்மா, கால் மணி நேரம்தான், சீக்கிரம் வந்துடுங்க" என்றார். அத்தை செருப்போடு மணலில் நடந்து, பழைய ரயில் நிலையத்தின் சுவர் எது என்று கண்டுபிடிப்பதற்குள் அந்தக் கால் மணி முடிந்துவிட்டது. தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் வண்டியை விட்டு இறங்கவே அவர் மறுத்துவிட்டார். திரும்பும் வழியில், நாங்கள் கேட்காமலேயே ஒரு சங்குப் பொருள் கடைக்கு முன் வண்டி நின்றது. அங்கு மட்டும் முக்கால் மணி நேரம் எந்த அவசரமும் இருக்கவில்லை. அன்றிரவு விடுதியில் அத்தை, "நான் பார்த்தேனா இல்லையான்னே தெரியல" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

அந்த ஓட்டுநர்மேல் எனக்கு அப்போது கோபம் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தபோது, அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்று புரிந்தது. பாம்பன் தீவின் நீளம் பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை முப்பது கிலோமீட்டர் அளவே. கோயிலிலிருந்து அரிச்சல்முனைக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். மற்றப் பக்கம் பாம்பன் வரைக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவு. நாள் முழுவதும் சுற்றினாலும் நூறு கிலோமீட்டரை எட்டுவது கடினம். அதாவது பத்து மணி நேர வேலையில் சக்கரம் உருள்வது இரண்டரை, மூன்று மணி நேரம். மீதி நேரம் முழுவதும் ஓட்டுநர் எங்காவது வெயிலில் காத்திருக்கிறார். மலைப் பிரதேசத்திலோ நெடுஞ்சாலையிலோ கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாங்கினால் ஓட்டுநருக்குக் கட்டுபடியாகும். இவ்வளவு சின்னத் தீவில் கிலோமீட்டர் கணக்கும் கைகொடுக்காது, இடக்கணக்கும் கைகொடுக்காது. காத்திருக்கும் நேரத்துக்குக் காசு இல்லாதபோது, ஒரு குடும்பத்தைச் சீக்கிரம் இறக்கிவிட்டு அடுத்த சவாரியைப் பிடிப்பதில்தான் அவருடைய நாள் வருமானம் இருக்கிறது. பயணி நின்று நிதானமாகப் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நட்டம். அவசரப்படுத்துவதும், கடைக்கு அழைத்துச் சென்று கமிஷன் பெறுவதும் இந்தக் கணக்கிலிருந்து பிறப்பவை. ஓட்டுநர்களின் குணத்தைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது.

கடந்த தை மாதம் அத்தையை இரண்டாம் முறை அழைத்துச் சென்றேன். என் மனைவியும் பதினொரு வயதுப் பேரனும் உடன் வந்தார்கள். இம்முறை, எத்தனை இடம் என்று கேட்ட ஓட்டுநரிடம், இடம் எத்தனை என்று எங்களுக்கே தெரியாது, பத்து மணி நேரத்துக்கு வண்டியும் நீங்களும் எங்களோடு இருக்க வேண்டும், அதற்கு என்ன வாடகை என்று கேட்டேன். அவர் முதலில் தயங்கினார். "மணிக்கணக்குன்னா பிரச்சினை வரும் ஐயா. முடியும்போது பத்து மணி ஆகலைம்பாங்க, பதினோரு மணி நேரம் ஆயிருக்கும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்து, அவருக்கு ஒரு நாளில் சாதாரணமாகக் கிடைக்கக்கூடிய இரண்டு சவாரிகளின் வருமானத்தைக் கணக்கிட்டு, பேட்டா உட்பட 3,800 ரூபாய் என்றும், நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 300 ரூபாய் என்றும், வண்டி நிறுத்தக் கட்டணம் எங்களுடையது என்றும் முடிவு செய்தோம். என் நாட்குறிப்பின் ஒரு பக்கத்தில் இதை எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அவர் தன் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். இந்த ஒரு செயலுக்குப் பிறகு எங்களுக்குள் பேரமும் சந்தேகமும் ஒழிந்து, நாளை எப்படி அமைத்துக்கொள்வது என்ற பேச்சு தொடங்கியது.

அந்தப் பேச்சில்தான் உள்ளூர் ஓட்டுநர் ஒருவரின் அறிவு என்னவென்று தெரிந்தது. விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கும், அக்னி தீர்த்தத்தில் முழுகி இருபத்திரண்டு தீர்த்தம் ஆடுவதற்கும் வண்டியே தேவையில்லை என்று அவரே சொன்னார். "விடுதியிலிருந்து நடந்து போற தூரம்தான் ஐயா. ஈர உடையை மாத்திட்டு, சாமி பாத்துட்டு, டிபன் சாப்பிட்டுட்டுக் கூப்பிடுங்க, அங்கேருந்து மணிக்கணக்கு வச்சிக்கலாம்" என்றார். இரண்டு மணி நேரத்துக்கான வாடகையை எங்களுக்கு மிச்சப்படுத்திய வார்த்தை அது. இடக்கணக்கில் இந்த ஆலோசனைக்கு வழியே இல்லை. கோயிலும் அந்தப் பட்டியலில் ஓர் இடமாக எண்ணப்பட்டிருக்கும். தனுஷ்கோடியில் நிழல் கிடையாது, ஆகவே அங்கே முதலில் போய்விட வேண்டும். தீவின் மேற்குப் பக்கத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். நடுப்பகலில் பாட்டியம்மாவை விடுதியில் ஒரு மணி நேரம் படுக்க வைக்க வேண்டும் என்று நாளின் போக்கை அவரே வரிசைப்படுத்தினார்.

ஏழரை மணிக்குப் புறப்பட்டோம். கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் வழியில், தேங்கிக் கிடக்கும் உப்பு நீர்ப்பரப்பில் பூநாரைகள் தூரத்தில் வெள்ளைக் கோடு போல நின்றன. இந்தப் பகுதியை அரசு 2025இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. பேரன் அதைப் பள்ளியில் படித்திருந்தான். வண்டியை ஓரமாக நிறுத்திய ஓட்டுநர், சத்தம் போட்டால் எழும்பிவிடும் என்று கதவைக்கூட ஓசைப்படாமல் திறந்தார். எதுவும் வாங்காமல், எந்தக் கோபுரத்தையும் பார்க்காமல், நாற்பது நிமிடம் அங்கேயே நின்றோம். எந்தப் பட்டியலிலும் இல்லாத அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றித்தான் ஊருக்குத் திரும்பியதும் பேரன் எல்லாரிடமும் பேசினான்.

2017ஆம் ஆண்டு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை திறக்கப்படுவதற்கு முன்பு, நம் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மணலில் ஓடும் வேன்களில் பத்துப் பதினைந்து பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு போய்வர வேண்டியிருந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். இப்போது சொந்த வண்டியோ வாடகை வண்டியோ நேராக முனை வரைக்கும் போகிறது. சாலை வந்ததால், வயதானவரை உட்கார வைத்துக்கொண்டு போய், அவர் விரும்பிய இடத்தில் விரும்பிய நேரம் நிறுத்துவது சாத்தியமாகியிருக்கிறது. இவ்வளவு பெரிய வசதி கிடைத்த பிறகும் கால் மணி நேரப் பார்வையாகவே அதை வைத்திருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எட்டரை மணிக்குப் பழைய ஊரின் இடிபாடுகளுக்கு வந்துவிட்டோம். மணல் இன்னும் குளிர்ந்திருந்தது. ஓட்டுநர் வண்டியின் பின்பக்கத்திலிருந்து மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்து, ரயில் நிலையத்தின் மிச்சமாக நிற்கும் சுவரைப் பார்த்தாற்போலப் போட்டார். அத்தை ஒன்றேகால் மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தார். பெரும்பாலும் பேசவில்லை. நடுவில் ஓட்டுநரைக் கூப்பிட்டு, "தம்பி, கப்பல் நின்ன பக்கம் எது?" என்று கேட்டார். அவர் தன் தாத்தா சொல்லக் கேட்டதை வைத்து, ரயில் பாதை போன போக்கையும் துறை இருந்த திசையையும் கையை நீட்டிக் காட்டினார். இந்தப் பக்கத்து அலையற்ற கடலைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்துச் சீறும் கடலை ஆண் கடல் என்றும் தங்கள் ஊரில் சொல்வார்கள் என்றார். சற்றுத் தள்ளி, மீனவப் பெண்கள் மணலில் தோண்டி வைத்திருந்த ஊற்றிலிருந்து சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கடல் இருக்க, முழங்கை ஆழத்தில் ஊறும் அந்த நீரை ஓட்டுநர் கேட்டு வாங்கி வந்து கொடுத்தார், உப்பே இல்லை. அத்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மீதியைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

அரிச்சல்முனைக்குப் போய், தூணைச் சுற்றித் திரும்பி, பதினொன்றரைக்கெல்லாம் விடுதிக்கு வந்துவிட்டோம். அத்தை படுத்திருந்த நேரத்தில் ஓட்டுநரும் சாப்பிட்டு, வேப்ப மரத்தடியில் ஒரு தூக்கம் போட்டார். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கும் நாங்கள் வாடகை கொடுத்தோம். கொடுத்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர் பிற்பகலில் தெளிவாக வண்டி ஓட்டினார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிற்பகலில் கலாம் நினைவிடம். அது பேரனுக்காக. அதன் பிறகு, என்னுடைய விருப்பமாக ஒன்று கேட்டேன். மதுரை மல்லி, திண்டுக்கல் மல்லி என்று நாம் கொண்டாடும் பூவின் நாற்றுகள் பல இந்தத் தீவின் தங்கச்சிமடத்துப் பகுதியிலிருந்து போகின்றன என்று படித்திருந்தேன். அதைப் பார்க்க முடியுமா என்றேன். ஓட்டுநரின் முகம் மலர்ந்தது. அவருடைய சித்தப்பாவே அந்தத் தொழிலில் இருக்கிறாராம். சாலையை விட்டு உள்ளே, தென்னைகளுக்கு நடுவில், மணல் பாத்திகளில் விரற்கடை இடைவெளிகூட இல்லாமல் மல்லிகைப் பதியன்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு பெரியவர் குத்தவைத்து உட்கார்ந்து, வேர்விட்ட குச்சிகளைப் பிடுங்கி, மண்ணை உதறி, கட்டுக்கட்டாகக் கட்டி ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். என் மனைவி ஆறு நாற்றுகள் வாங்கினார். அவற்றில் நான்கு இப்போது எங்கள் வீட்டு வாசலில் துளிர்த்திருக்கின்றன. கடைசியாக, 1897 ஜனவரி 26ஆம் தேதி மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கியதன் நினைவாகக் குந்துகாலில் உள்ள மண்டபத்துக்குப் போய், கடலைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்துவிட்டு, ஐந்தரை மணிக்கு நிலையத்தில் இறங்கினோம். எண்ணிப் பார்த்தால் ஆறு இடம்தான். முதல் பயணத்தில் பதினொன்று.

பாலித் தீவு போன்ற இடங்களில் காரையும் ஓட்டுநரையும் பத்து மணி நேரத்துக்கு என்று பேசி, போகும் இடங்களைப் பயணியே தீர்மானிப்பது சாதாரண வழக்கம். அதை நம் ஊருக்குப் புதிதாகக் கொண்டுவர வேண்டிய அவசியம்கூட இல்லை, ஏனென்றால் நம் சட்டத்திலேயே அது இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 2ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவில், ஒப்பந்த ஊர்தி என்பதை விளக்கும்போது, வண்டியை முழுவதுமாக வாடகைக்கு எடுப்பதை இரண்டு வகையாகச் சொல்கிறது. வழியையோ தூரத்தையோ குறிப்பிட்டாலும் குறிப்பிடாவிட்டாலும் நேரத்தின் அடிப்படையில் எடுப்பது முதல் வகை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுப்பது இரண்டாம் வகை. இடங்களை எண்ணிக் காசு வாங்குவது பழக்கத்தில் வந்ததே தவிர இந்த விளக்கத்தில் வருவதில்லை. இத்தகைய ஊர்திகளுக்குக் குறைந்தபட்ச, அதிகபட்சக் கட்டணம் நிர்ணயிப்பது குறித்து உத்தரவிடும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 67ஆம் பிரிவு மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. சென்னை ஆட்டோக்களுக்கு 2013இல் கட்டணம் நிர்ணயித்தபோது, காத்திருப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு 3.50 ரூபாய் என்று அரசே கணக்கு வைத்தது. காத்திருப்பதும் உழைப்புதான் என்று சென்னையில் ஏற்றுக்கொண்டதை, காத்திருப்பே முக்கால் பங்கு வேலையாக உள்ள ராமேசுவரத்தில் ஏற்றுக்கொள்ளாமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். மாவட்ட நிர்வாகமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் ஆட்டோ, கார், வேன் ஓட்டுநர் சங்கங்களை அழைத்துப் பேசி, நான்கு மணி நேரம், எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்ற அளவில் வாடகையும், அதற்குள் அடங்கும் கிலோமீட்டரும், கூடுதல் மணிக்கான தொகையும், பேட்டா சேர்ந்ததா தனியா என்பதும் தெளிவாகத் தெரியும்படி ஒரு கட்டணப் பலகையை ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் கோயிலின் நான்கு வாசல் அருகிலும் வைக்க வேண்டும். காசிக்குப் போனவர்கள் ராமேசுவரத்துக்கு வந்து நிறைவு செய்யும் மரபினால் வடமாநிலத்தவர் ஏராளமாக வருவதால், பலகை தமிழோடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருப்பது நல்லது. மொழி தெரியாத முதியவர்கள்தான் இந்த இடக்கணக்கில் அதிகம் ஏமாறுகிறார்கள். பலகையோடு, புறப்பட்ட நேரம், வண்டி எண், பேசிய மணி, பேசிய தொகை ஆகிய நான்கையும் நிரப்பி இருதரப்பும் கையெழுத்திடும் இரட்டைப் பிரதிச் சீட்டு ஒன்றையும் நிலையங்களில் கொடுக்கலாம். என் நாட்குறிப்புப் பக்கம் செய்த வேலையை அந்தச் சீட்டு செய்யும். தை, ஆடி, மகாளய அமாவாசை நாட்களில் கூட்டத்தை முன்னிட்டுக் கூடுதல் தொகை வாங்குவதானால், அதுவும் எவ்வளவு என்று அதே பலகையில் இருக்கட்டும். அன்று காலை வாய்க்கு வந்த தொகையாக இருக்க வேண்டாம்.

வெள்ளைப் பலகை எண்ணுள்ள சொந்தக் கார்களை வாடகைக்கு ஓட்டுவதையும் இதோடு சேர்த்துக் கண்காணிக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட இடமுண்டு என்பதை நூறு, இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று ஏறும் குடும்பங்கள் யோசிப்பதில்லை. வரியும் உரிமக் கட்டணமும் கட்டி மஞ்சள் பலகையில் ஓட்டுபவருக்கும் அது பெரிய அநியாயம்.

ஓட்டுநர்களுக்காகவும் ஒன்று கேட்கிறேன். பத்து மணி நேரம் வண்டியோடு இருப்பவருக்குத் தனுஷ்கோடியிலோ அரிச்சல்முனையிலோ நிற்க ஒரு நிழல் வேண்டும், கழிப்பறை வேண்டும், குடிநீர் வேண்டும். நாங்கள் போன அன்று அரிச்சல்முனைச் சாலையோரத்தில் வரிசையாக நின்ற கார்களில், கண்ணாடியை இறக்கிவிட்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஓட்டுநர்கள் படுத்திருந்ததைப் பார்த்தேன். அவர்களில் சிலர் முந்தைய இரவு முழுவதும் மதுரையிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ ஓட்டி வந்தவர்களாக இருக்கக்கூடும். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் வகுத்தது. தனியாக ஒரே வண்டி வைத்து ஓட்டுபவருக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாமல் போயிருக்கலாம். ஆனால் தூக்கமில்லாத கண்ணுக்குப் பாம்பன் பாலமும் இரவு நெடுஞ்சாலையும் எல்லாருக்கும் ஒன்றுதான். மணிக்கணக்குச் சீட்டில் ஓட்டுநரின் உணவு இடைவேளைக்கு ஒரு வரி இருந்தால், அதைக் கேட்பதற்கு அவர் கூச்சப்பட வேண்டியிருக்காது.

வாசகர்களில் ராமேசுவரம் போகத் திட்டமிட்டிருப்பவர்கள், பலகை வரும் வரை காத்திருக்காமல் இப்போதே மணிக்கணக்கில் பேசிப் பார்க்கலாம். எந்த இடம் அவசியம், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதை வீட்டிலேயே பேசிக்கொண்டு, உடன் வரும் முதியவர்களின் முழங்கால் நிலைமையையும் குழந்தைகளின் தூக்க நேரத்தையும் முதலிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிட்டால், நாளை எப்படி வகுப்பது என்பதில் அவர் நம்மைவிடக் கெட்டிக்காரர். கோயில் நடை பிற்பகல் ஒரு மணிக்குச் சாத்தி மூன்று மணிக்குத் திறக்கிறது என்பதையும், மாலையில் தனுஷ்கோடிச் சாலையில் வண்டிகளை உள்ளே விடுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்த வேண்டாம். அங்கே பின்னால் வரும் பேருந்துக்கு விலக இடமிருக்காது. பத்து மணி நேரத்துக்கு என்று பேசிவிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆனால், கூடுதல் இரண்டு மணி நேரத்துக்கான தொகையைக் கேட்காமலே கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் எங்கள் ஓட்டுநர் தயங்கியது, இதற்கு முன் யாரோ அப்படிக் கொடுக்காமல் போனதால்தான்.

வரும் ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கானோர் அந்தத் தீவுக்கு வருவார்கள். அதற்குள் ரயில் நிலைய வாசலில் மட்டுமாவது ஒரு கட்டணப் பலகையை வைத்துப் பார்க்கும்படி ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் துறை ஊழியர்,
திருச்சிராப்பள்ளி.